மருந்து படாத வட்டம்

அக்கரப்பத்தனையில், பதினோராம் நம்பர் மலையில்
புல்லுக்கு மருந்தடிப்பவன் நான்.
முதுகில் பதினாறு லீற்றர்.
குழாயின் மூக்கைத் தாழ்த்தி நடப்பேன்.
நான் போன வழியெல்லாம்
மூன்றாம் நாள் மஞ்சள் வரும்.

இருபத்துமூன்று இடத்தில் மட்டும்
கைப்பிடியை விட்டுவிடுவேன்.

ஒரு கை அகல வட்டம்.
நடுவில் ஒரு காட்டு நாவல்,
இல்லாவிட்டால் அத்தி,
அதுவும் இல்லாவிட்டால்
ஓடைக்கரைப் பாறையில் மரநாய் போட்டதைக்
குச்சியால் கிளறித்
தனபாக்கியம் பொறுக்கிவந்த ஏதோ ஒன்று.
பால்மா பையில் மண் நிரப்பி
அடுப்படி ஜன்னலில் முளைக்க வைத்தாள்.
"என்ன மரம் புள்ள இது?"
"தின்னவனுக்குத் தெரியும்."

வெளிக்கள உத்தியோகத்தர் விஜேகோன் ஐயா
மேட்டில் நின்று
பச்சைப் பொட்டுகளைப் பேனையால் எண்ணினார்.
"என்னப்பா, மருந்து தீந்திருச்சா?"
"கை வழுக்குதுங்க."
"இருபத்துமூணு தடவையா?"
அன்றைக்கு அரைப் பேர்தான் போட்டார்.

கவ்வாத்து மிலாறை ஊன்றி
உரப்பையைக் கிழித்துச் சுற்றிக் கட்டினோம்.
மருதவீரன் வீட்டு ஆடு
செடியை விட்டுவிட்டுப் பையைத் தின்றது,
யூரியா என்ற எழுத்து உட்பட.
தையில் உறைபனி. ஐந்து கருகின,
சுருட்டு முனை மாதிரி.
மாசியில் ஒரு மரை
பெருங்காட்டிலிருந்து இறங்கிவந்து
நாலு செடியை
வேரோடு விளையாடிவிட்டுப் போயிற்று.

குளம்படி பார்த்து நான் கத்தினேன்.
கெட்ட வார்த்தையும் வந்தது.
அவள் மண்ணை அணைத்தபடி சொன்னாள்:
"பசிச்ச வாயிக்குத்தானே நட்டோம்.
பழம் வாரவரைக்கும் பொறு என்று
அதுக்கு நோட்டீஸா ஒட்ட முடியும்?"
சொன்னவள்தான்
மறுநாள் கூண்டை இடுப்பு உயரத்துக்கு ஏற்றினாள்.

பதினான்கு மிச்சம்.

எங்கள் பேருக்கு ஏழு பேர்ச்சஸ் என்று
கடிதாசி வந்து ஆறு வருசம்.
நிலம் இன்னும் வழியில் இருக்கிறது.
இந்தப் பதினான்கு வட்டத்தையும் கூட்டினால்
ஒரு பேர்ச்சஸ்கூடத் தேறாது.
ஆனாலும் அளக்காமல் கொடுத்தது
இது ஒன்றுதான்,
அதுவும் நாங்கள் கொடுத்தது.

காய்க்க எட்டு வருசமாகுமாம். பத்தும் ஆகலாம்.
அதற்குள் இந்த முதுகு
டாங்கியை இறக்கிவைத்திருக்கும்.

இன்று காலை ஒன்பதாவது வட்டத்தில்
குனிந்தபோது பார்த்தேன்.
சுற்றிலும் செத்த புல்.
மிலாறுக் கம்பின் உச்சியில்
யாரோ உட்கார்ந்து போன அடையாளம்.
கீழே ஊதாக் கறை,
கறைக்குள் மூன்று விதை.
தின்ன வரவில்லை அது.
கொண்டைக்குருவியோ குக்குறுவானோ,
எங்கேயோ தின்றதை
இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறது.

விரலால் மண்ணைத் தள்ளி மூடப்போனேன்.
கையில் மருந்து.
எடுத்துக்கொண்டேன் கையை.
பூட்ஸ் நுனியாலும் தொடவில்லை.

அடுத்த சுற்றில் இந்த வட்டத்தை
ஒரு சாண் அகட்ட வேண்டும்.

இன்னொரு அரைப் பேர் போகும்.