கோழியின் நாள்

கோழியின் நாள் நம்முடையதைவிட நீளம்.
கொப்பியில் எழுதிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.
திங்கள் ஏழு மணிக்கு இட்டவள்
செவ்வாய் எட்டேகாலுக்கு,
புதன் ஒன்பதரைக்கு,
இப்படித் தள்ளித் தள்ளி
பின்நேரம் தொட்டதும்
ஒரு நாள் விட்டுவிடுவாள்.
மறுநாள் காலை திரும்பவும் ஏழு.

சீனன்குடா மா மில்லில்
என் ஷிப்டும் அப்படித்தான் சுற்றும்,
காலை, பின்நேரம், இரவு, பிறகு ஓய்வு.
ஆகையால் அவளை எனக்கு விளங்கும்.

பாலையூற்றில் பத்துப் பேர்ச் வளவு.
மூன்று சிவப்பிகள்,
மிருக வைத்தியர் கந்தோரில் வரிசையில் நின்று வாங்கியவை,
கிழமைக்கு ஐந்து தருவார்கள், மனம் வைத்தால் ஆறு.
நாலாவது கழுத்துரிச்சான், ஊர்க்கோழி.
பதினான்கு இட்டுப் போதும் என்று அடைக்கு உட்காருவாள்.
கை வைத்தால் கொத்து.
மூன்று கிழமைக்கு அவளிடம் கணக்குக் கேட்க முடியாது.

ஆவணி வெயிலில்
பேர்ள் அக்கா வேலிக்கு மேலால் கேட்டார்:
"நத்தார் கேக்குக்கு இருபத்தைந்து முட்டை வேணும்.
கடை முட்டை சரிவராது தம்பி, மஞ்சள் வெளிறிக் கிடக்கும்."
கூடை நிறைந்த காலம், தலையாட்டினேன்.
முன்காசில்
கூட்டுக்கு இரண்டு தகரம் போட்டேன்.

ஐப்பசியில் வாடை திரும்பியது.
கடல் பக்கமிருந்து இருட்டு ஏறிவந்து
பகலில் பாதியைத் தின்றது.
சிவப்பிகள் இறகு கொட்டினார்கள்,
முற்றத்தில் யாரோ தலையணை கிழித்ததுபோல.
ஐந்து மூன்றாகி
மூன்று ஒன்றாகி
கார்த்திகையில் கொப்பி முழுக்க வெறும் கோடு.

கீரியைச் சந்தேகித்தேன்.
மகன் துஜீவனைச் சந்தேகித்தேன்.
கூட்டுக்குள் பல்ப் எரித்தேன்,
கரண்ட் பில் மட்டும் பெரிதாய் வந்தது.
"புது இறகு முளைக்கிற உடம்பு
முட்டைக்கு எங்கே போகும்?"
மனோரதி அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்.

டிசம்பர் பதினைந்து.
மத்திய வீதிக் கடையில்
இருபத்தைந்து வெள்ளை முட்டை வாங்கி
ஆறிய தேயிலைச் சாயத்தில்
இரவு முழுக்க ஊறவைத்தேன்.
சிவக்கவில்லை.
மழை குடித்த சுவரின் நிறம் வந்தது.
ஒன்றில் என் பெருவிரல் அடையாளம்.

பேர்ள் அக்கா எண்ணி வாங்கினார்.
ஒன்றை வெளிச்சத்துக்குப் பிடித்தார்,
பிறகு விரலை முகர்ந்தார்.
"இந்த மழையிலயும் இடுதோ?"
"ம்."
பொய்யில் அதைவிடச் சின்ன அளவு கிடையாது.

நத்தாரன்று வேலிக்கு மேலால் இரண்டு பொதி.
ஒன்று எண்ணெய்த்தாளில் சுற்றிய கேக்,
கறுத்து, கனத்து, கராம்பு மணந்தது.
மற்றது பழைய பால்மாப் பை.
உள்ளே முட்டைக்கோது,
கழுவி, காயவைத்து, அம்மியில் நொறுக்கியது.
வெள்ளை வெளேர்.
ஒரு துணுக்கிலும் சாயம் இல்லை.
"கோழிக்குப் போடுங்கோ.
சுண்ணாம்பு குறைஞ்சால் கோது மெல்லிசாப் போகும்."

துஜீவன் மூன்று துண்டு தின்றான்.
எனக்கு ஒன்றே இறங்கவில்லை.
கோதைக் கூட்டுக்குள் எறிந்தேன்.
கழுத்துரிச்சான்தான் முதலில் வந்தாள்,
வெட்கமில்லாமல்.

பொங்கல் கழிந்து ஒன்பதாம் நாள்,
இரவு ஷிப்ட் முடித்துச் சைக்கிளைச் சாத்தும்போது
உள்ளே அந்தக் கொக்கரிப்பு,
ஊர்க்கடனையெல்லாம் தானே அடைத்தவள்போல.
ஏழு பத்து.
சின்ன முட்டை,
ஒரு பக்கம் சொரசொரப்பு,
சூடு ஆறவில்லை.

கொப்பியைத் தேடாமல் வேலிக்குப் போனேன்.
கூப்பிட்டேன்.
பேர்ள் அக்கா பூசைக்குப் போயிருந்தார்,
அவர் நாய் மட்டும் எழுந்து பார்த்துப் படுத்தது.
வேலிக்கு மேலால் நீட்டிய கையில்
முட்டை ஆறிக்கொண்டிருந்தது.

இன்னும் இருபத்துநான்கு.
அடுத்தது நாளைக்கு,
எட்டரையளவில்.