இடது கன்னம்

என் இடது கன்னத்துக்கு
வலதைவிட ஒன்பது வயது கூட.
வேலை அட்டைக்குப் படம் எடுத்தவன்
விளக்கு சரியில்லை போல என்று
மூன்று முறை எடுத்தான்.
விளக்கில் பிழையில்லை.

கலாமாவுக்கு மேலே செம்புச் சுரங்கத்தில்
முந்நூறு டன் லாரி ஓட்டுகிறேன்.
பதினாறு வருடமாக
என் பக்கத்து ஜன்னலில் முழங்கை ஊன்றி
சூரியன் கூடவே வருகிறது,
டிக்கெட் எடுக்காத பயணி.
மழை வருடத்துக்கு ஒன்று,
அதுவும் மனது வைத்தால்.

முதலில் வந்தது ஆத்திரம்.
சம்பளத்தில் பாதியைக் கொடுத்துப்
பதினோரு குப்பி வாங்கினேன்:
நத்தைச் சளி, முத்துத்தூள்,
பெயர் வாயில் நுழையாத அமிலம்.
எல்லாவற்றையும் ஒரே இரவில்.
மூன்றாம் நாள் முகம் உரித்த தக்காளி.
ஹெல்மெட் வார் பட்ட இடமெல்லாம் தீ.

அப்புறம் ஒவ்வொன்றாய்க் கழித்தேன்.
நாங்கள் ஒரு டன் பாறையை உடைத்தால்
ஆறேழு கிலோ செம்பு தேறும்.
பதினொன்றில் மூன்று தேறியது.

நாலரைக்கு அலாரம்.
வெந்நீருக்குக் கை போகும்; வேண்டாம்.
வெதுவெதுப்பாய் இரண்டு கை தண்ணீர்.
துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்கிறேன்.
ரெனானோடு வாழ்ந்த ஏழு வருடத்தில்
அவன் முகத்தைக்கூட
இத்தனை மெதுவாகத் தொட்டதில்லை.
ஈரம் காயுமுன் க்ரீம்.
அது உள்ளே இறங்கும் நேரத்தில்
பூட்ஸ் கயிறு கட்டிவிடலாம்.
பிறகு சன்ஸ்கிரீன்,
ஆள்காட்டி விரல் நீளம் ஒன்று,
நடுவிரல் நீளம் ஒன்று.
காது, பிடரி, மூக்கின் ஓரம்.
சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி
பஸ்ஸில் ஏறுவேன்.

"கல்யாணத்துக்கா, எர்சிலியா?"
லியோகாடியோ. தினமும் அவன்தான்.
"ஆமாம். மாப்பிள்ளை கிழக்கே வருகிறான்."

பத்தரைக்கு மறுபடியும்.
மண்வாரி என் லாரியை நிரப்ப
ஐந்து வாரு வாரும்.
முதல் வாருக்கு நெற்றி.
இரண்டாவதுக்கு மூக்கு.
மூன்றாவது விழுந்து லாரி குலுங்க
புருவத்தில் அப்பிக்கொள்ளும்.
நாலாவதும் ஐந்தாவதும்
இடது கன்னத்துக்கு மட்டும்.
ஹாரன் அடித்தால் கிளம்ப வேண்டும்,
கழுத்து பாக்கி இருந்தாலும்.

இரவு கழுவினால்
முதல் தண்ணீர் மலையின் நிறம்.
இரண்டாவது தண்ணீர்தான் என்னுடையது.
வாரத்தில் இரண்டு இரவு
ரெட்டினால், பட்டாணி அளவு.
பேராசைப்பட்டுப் பார்த்தாயிற்று.
சில இரவுகளில்
பூட்ஸோடு தூங்கிவிடுவதும் உண்டு.
அதை யாரும் குறித்து வைப்பதில்லை,
மறுநாளும் நாலரைதான்.

பதினான்கு மாதம்.
ஒன்பது வயது ஒன்பதாகவே இருக்கிறது,
பத்தாகவில்லை.
தாடை ஓரத்தில் ஒரு மச்சம்.
சுரங்க மருத்துவமனை நர்ஸ் அளந்து
நான்கு மில்லிமீட்டர் என்று எழுதினாள்.
மூன்று மாதம் கழித்து அளந்தாள்:
நான்கு.
அந்தத் தாளைச் சம்பளச் சீட்டு போல
நாலாய் மடித்துப் பையில் வைத்தேன்.

நேற்று பஸ்ஸில்
லியோகாடியோ ஒன்றும் கேட்கவில்லை.
பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.
அவன் மூக்கு நுனியில் ஒரு புண்,
ஆறுவதும் மறுபடி வெடிப்பதுமாக.
"முதலில் நர்ஸிடம் காட்டு" என்றேன்.
"காட்டுகிறேன்" என்றான்,
ஜன்னலைப் பார்த்தபடி.
பிறகு கையை நீட்டினான்.
"எவ்வளவு?"
"இரண்டு விரல்."

அவனுக்கு ஆள்காட்டி விரல் கிடையாது;
ஒரு வின்ச் வாங்கிக்கொண்டது.
என் விரல்களில் அளந்து
அவன் உள்ளங்கையில் வழித்துவிட்டேன்.

பின்னிருக்கையிலிருந்து யாரோ
"கல்யாணத்துக்கா?" என்று கத்தினான்.
லியோகாடியோ திரும்பவில்லை.
காதுக்குப் பின்னாலும் தேய்த்துக்கொண்டிருந்தான்.