ஜாபர் கேட்டதற்குப் பதில்

பத்து நாள் வைத்துப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள் என்று
கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்துக் கடையில்
நீங்கள் கொடுத்தனுப்பிய கேமரா.
ஈடாக என் கைக்கடிகாரத்தைக் கேட்டு
கேட்ட மறுநொடி வெட்கப்பட்டு
வேண்டாமென்றீர்கள்.

மிரர்லெஸ் என்றால் உள்ளே கண்ணாடி கிடையாது.
இதை மூன்று தடவை சொன்னீர்கள்,
டேம் மீன்காரர்
முள்ளே இல்லையென்று சத்தியம் செய்வது மாதிரி.

எடை, ராயக்கோட்டைத் தக்காளியில்
நடுத்தரமாய் நாலு.
சீருடைப் பையில் நுழைகிறது.
லென்ஸ் மட்டும் வெளியே நின்று
வருகிறவர் போகிறவரையெல்லாம் பார்க்கிறது.

இரவு ஷிஃப்டில், டீ குடிக்கும் கால்மணி நேரத்தில்
ஐ.எஸ்.ஓ.வை ஆறாயிரத்து நானூறுக்கு ஏற்றினேன்.
கறுப்பெல்லாம் சலிக்காத கேழ்வரகு மாவு.
ஆனாலும் டோல் விளக்கின் மஞ்சள்
மஞ்சளாகவே வந்தது.
என் போன் அதை வெள்ளையடித்துவிடும்.

முகத்தைத் தானே கண்டுபிடிக்கும் என்றீர்கள்.
கண்டுபிடிக்கிறது.
சிமெண்ட் லாரியின் முன்னால் தொங்கும்
திருஷ்டி பொம்மையின் நாக்கும் பல்லும்
துல்லியமாக விழுந்திருக்கின்றன.
மேலே ஸ்டியரிங்கில் இருந்த மனிதர்
புகை.

பேட்டரி முந்நூறு படம் என்கிறது அட்டை.
இருநூற்றுப் பத்தில் சிவந்தது.
மார்கழிப் பனியில் எத்தனை தாங்கும் தெரியாது,
இது மாம்பழ மாதம்.

இனி, நீங்கள் பெருமையாகச் சொன்ன விஷயம்:
சத்தமில்லாத ஷட்டர்.

சந்தூரிலிருந்து கூழ் ஃபேக்டரிக்குப் போகிற லாரி
ஆறாம் லேனில் நின்றது.
பெங்களூரா காய்களின் மேல், தார்ப்பாயில்
சுமையேற்றியவர் ஒருவர்
வாய் திறந்து தூங்கினார்.
சட்டையைக் கழற்றி
காய்க்கும் கன்னத்துக்கும் நடுவில் வைத்திருந்தார்.
எடுத்தேன்.
எனக்கே கேட்கவில்லை.

இந்தப் பத்து நாளில் நல்ல படம் அது ஒன்றுதான்.

அதே நேரம் தலைக்கு மேல்
எங்கள் கம்பெனி கேமராவும் அந்த லாரியை எடுத்தது.
ஒரு ஷிஃப்டில் நாலாயிரம் வண்டி எடுக்கும்,
யாரையும் கேட்காது,
அதற்கும் சத்தமில்லை.
நானும் அதுவும் பக்கத்துப் பக்கத்தில்
ஒரே சம்பளத்துக்கு நின்ற மாதிரி இருந்தது.

மெனுவில் மூன்றாம் பக்கம், கீழிருந்து இரண்டாவது வரி.
சத்தத்தை முழுசாக வைத்துவிட்டேன்.

மறுநாள் ஓசூர் ரோஜா வேன்.
'ட்டக்' என்றதும் டிரைவர் திரும்பினார்.
இருங்க, என்று காலரைச் சரிசெய்தார்.
தொப்பியோடு ஒன்று, இல்லாமல் ஒன்று.
பேர் திம்மராயன்,
வீட்டுக்கு அனுப்ப வேண்டுமாம்.
கேமராவையும் போனையும் சேர்த்துவைக்கிற ஆப்
பாஸ்வேர்டு கேட்டது, அப்டேட் கேட்டது,
வட்டம் போட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தது.
பின்னால் ஏழு வண்டி ஹார்ன்.
கடைசியில் கேமராவின் திரையை
என் போனில் படமெடுத்து அனுப்பினேன்.
திம்மராயன் வீட்டுக்குப் போனது
படத்தின் படம்.
இதை உங்கள் கம்பெனிக்காரர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

சரி, வாங்கலாமா என்று கேட்பீர்கள்.
கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்குப் போதும்.
ஓடுகிற பிள்ளைகளை வைத்திருப்பவர்கள்
கொஞ்சம் யோசிக்கட்டும்.
எல்லாருக்கும் இரண்டாவது பேட்டரி
விலையிலேயே சேர்த்துக் கொடுங்கள்.

எனக்கு?
நாற்பத்தெட்டாயிரம்.
என் சம்பளம் உங்களுக்குத் தெரியும்,
ஃபிரிட்ஜ் தவணைக்கு நீங்கள்தானே ஜாமீன் போட்டீர்கள்.

தூங்குகிறவர் படம் இன்னும் கார்டில் இருக்கிறது.
அழிக்கும் பட்டன் வரை இரண்டு தடவை போய்விட்டேன்.
மூலையில் லாரி நம்பர் தெரிகிறது.
சீசன் முடிய மூன்று வாரம்,
மறுபடி அந்த வண்டி வரும்.
வந்தால் எழுப்பிக் காட்டிக் கேட்க வேண்டும்,
வைத்துக்கொள்ளட்டுமா என்று.

அதுவரை கேமராவைத் தர முடியாது.
கைக்கடிகாரத்தை நாளைக்குக் கொடுத்தனுப்புகிறேன்.