தொடையிடுக்கில் இரு விரல்

பாகாவ், விடியல் நாலே முக்கால்.
செம்பனைக் குலை ஏற்றும் அஞ்சப்பனை
லோரியிலேயே கொண்டுவந்தார்கள்.
"இடுப்புப் பிடிப்பு, ஊசி போடுங்க" என்றாள் மனைவி.
முதுகுத்தண்டு என்று
சீட்டில் எழுதியாகிவிட்டது.

கால்சட்டையைக் கத்தரித்தேன்.
இரண்டு காலும் மெழுகு.
தொடையிடுக்கில் விரல் வைத்தேன்:
இடப்பக்கம் ஒன்றுமில்லை.
வலப்பக்கம் துடித்தது
என் விரல்தான்.
டாப்ளரில் வெறும் இரைச்சல்,
நிலையம் பிடிக்காத ரேடியோ.

ஹெப்பாரின் ஏற்றிக்கொண்டே
சிரம்பானுக்குப் போன் அடித்தேன்:
"பெருந்தமனி. கவட்டையில் அடைப்பு.
இருப்பது ஆறு மணி நேரம்,
இரண்டு போய்விட்டது."

பிற்பகல் பதில் வந்தது.
பலூன் இழுத்து வந்த கட்டி
கட்டைவிரல் நீளமாம்.
வலது கால் சூடு.
இடது, பார்க்கலாம்.

கட்டிலடியில் அவன் ரப்பர் பூட்ஸ்,
செம்மண் காயாமல்.
துப்புரவுக்காரரிடம் சொல்லிவைத்தேன்:
இரண்டையும் எடுத்து வையுங்கள்.