சுழி பார்த்தல்

காம்பில் மெழுகு கட்டிவிட்டது.
இன்று ராத்திரி, தப்பினால் நாளை.
நேற்றும் இதையே சொன்னேன்.
முந்தாநாளும்.
பிஜிலி வைக்கோலை மென்றபடி
என்னையே பார்த்து நிற்கிறாள்.
பதினோரு மாசமும் ஒன்பது நாளும்.
ஆள் பார்க்க ஈனமாட்டாள் அவள்,
கண்ணை எடுக்கமாட்டேன் நான்.
மூன்று ராத்திரியாய் இந்த வழக்கு.

வாலிநோக்கத்தில் கிணறு வெட்டினாலும்
கடல்தான் வரும்.
கச்சான் எழுந்தால் கொட்டகைத் தகரம் இருமும்.
லாடத்து ஆணி ஒரே மாசத்தில் செங்கல் நிறம்.
எட்டுக் குதிரைக்கு நாளைக்கு இருபத்தைந்து குடம்,
அதுவும் நம்புராஜன் லாரி வந்தால்.
எங்காவது கல்யாணவீடு என்றால்
எங்கள் முறை மறுநாள்.

போன தையில்
சீமைக்கருவேலங்காயைத் தின்றுவிட்டு
சுல்தானா வயிற்றைப் பார்த்துப் பார்த்து உருண்டாள்.
படுக்கவிடாமல் வேலியோரம் நடத்தினேன்
விடிய விடிய,
உப்பளம் வெளுக்கும்வரை.
லத்தி போட்டாள்.
நான் உட்கார்ந்து அழுதேன்.
லத்திக்கு அழுதவள் என்று
ரிபாயி இன்னும் வருகிறவர்களிடம் சொல்கிறார்.

இரண்டே முக்காலுக்கு ஹாரன்.
தொட்டி மூடியைத் திறந்து
குழாயைப் பிடித்துக்கொள்ள என்னைவிட்டால் ஆளில்லை.
போய்,
பிடித்து,
நம்புராஜனை நாலு வார்த்தை திட்டி,
திரும்பி ஓடிவந்தால்
வைக்கோலில் கிடக்கிறது.
ஈரம். புகை. வளைந்த இரண்டு காது.
கணக்குத் தெரியாத யாரோ
கூடுதலாய் அள்ளிக் கொடுத்ததுபோல் கால்கள்.
பிஜிலி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
ஜெயித்தவள் பார்வை.

தொப்புளுக்கு டிஞ்சர்.
எழுந்தது, விழுந்தது, எழுந்தது,
காம்பென்று நினைத்து
என் முழங்கையைச் சப்பியது.
ஃபோனில் ராமநாதபுரத்து டாக்டர்:
"பூரணம், இளங்கொடி போட்டுச்சா?"
போட்டது.
சாக்கில் விரித்து டார்ச் அடித்தேன்.
கால்சட்டைபோல் இரண்டு கிளை;
இரண்டு நுனியும் முழுசாய் இருக்கவேண்டும்.
விரல்நீளம் உள்ளே தங்கினாலும்
தாய் தங்கமாட்டாள்.
இரண்டு தரம் தடவிப் பார்த்துவிட்டு
நாய் தோண்டாத ஆழத்தில் புதைத்தேன்.
அதற்கப்புறம்தான் டீ.

ஆறாம் மாசம் திண்டுக்கல்லிலிருந்து
கார் வந்தது.
வெள்ளைச்சட்டைக்காரர் பல்லைப் பார்க்கவில்லை,
குளம்பைப் பார்க்கவில்லை,
நடையைக்கூடப் பார்க்கவில்லை.
ஆள்காட்டி விரலால் முடியைத் தேடிக்கொண்டே போனார்.
நெற்றியில் ஒன்று, நல்லது.
கழுத்தில் ஒன்று, மிக நல்லது.
விலாவுக்குப் பின்னால் நேருக்கு நேராய் இரண்டு.
சுட்டதுபோல் கையை எடுத்தார்.
"பாடைச்சுழி."
ரிபாயி பாதி விலை சொன்னார்.
அதில் பாதியும் சொன்னார்.
காரின் புழுதி
வெகுநேரம் கருவைமேல் நின்றது.

என் உச்சியிலும் ரெட்டைச்சுழி.
பெண் பார்க்க வந்தவர்கள்
தேடாமலே கண்டுபிடித்தார்கள்.
இங்கே வேலைக்குச் சேர்ந்த அன்று
ரிபாயி கேட்டது ஒன்றே ஒன்று:
"உதைக்க வந்தால் ஓடுவியா, நிப்பியா?"
ஒதுங்குவேன் என்றேன்.
சாவியைக் கையில் கொடுத்தார்.

இப்போது சொல்கிறார்,
அரியமான் கடற்கரைக்கு அனுப்பிவிடலாம்,
பிள்ளைகளை ஏற்றிச் சுற்றட்டும்,
சவாரிக்கு யார் சுழி பார்க்கிறார்கள்.
சரிதான்.
ஆனால் முதுகு உறைய இன்னும் மூணு வருசம் ஆகும் என்றேன்.
அதுவரை யார் தீனி?
பதில் சொல்லாமல்
தீவன மூட்டையை எண்ணப் போய்விட்டார்.

நான் பிரஷ்ஷை எடுத்தேன்.
எந்தப் பக்கம் தேய்த்தாலும்
அந்த இரண்டு இடத்தில் முடி
தன் வழிக்கே திரும்புகிறது.
குட்டி என் உள்ளங்கை உப்பை நக்குகிறது,
விடாமல்,
இந்த ஊரில் அதற்குப் பஞ்சமா என்ன.

ஹாரன்.
அதிசயமாய்ப் பகலிலேயே வந்துவிட்டான்.
குழாயைப் பிடிக்க
ஆள் வேண்டும்.