சாவி இருக்கும் தூரம்

அம்மையப்பன் தாண்டி, வாய்க்கால் மதகுக்கு இந்தப் பக்கம்
நெல் கொள்முதல் நிலையம்.
என் குறுவை ஒன்பது நாளாய் அங்கே குவிந்து கிடந்தது.
குவியலை ஒட்டிக் கார்.
செகண்ட் ஹேண்ட். முதல் தவணை போன மாதம்.
விற்றவர் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்:
சாவியை வெளியே எடுக்கவே வேண்டாம்,
பையில் இருந்தால் போதும்.
கிட்டே போனால் திறக்கும்.
விலகிப் போனால் தானே பூட்டிக்கொள்ளும்,
கீச்சென்று ஒரு சத்தம் போட்டு,
இரண்டு கண்ணாடியையும் காது மாதிரி மடக்கி.

மேற்கே கறுத்தது.
தார்ப்பாயை இழுத்து மூடக் குனிந்தேன்.
மழை வரவில்லை.
பாயை உருவிக் கடாசிவிட்டு
ஈரமானிக்கு ஒரு கும்பிடு.
பதினாறு புள்ளி எட்டு.
பதினேழைத் தாண்டியிருந்தால் இன்னொரு நாள் காயவேண்டும்
நெல்லும் நானும்.

சாக்குப் பிடித்தார்கள், நிறுத்தார்கள், சணலால் தைத்தார்கள்.
காத்தையனும் இன்னும் இரண்டு பேரும்
தலைக்கு நாற்பது கிலோவாய்
களத்தின் கோடியில் அட்டி அடுக்கினார்கள்.
நான் ரசீது சன்னலில்.
லூர்துசாமி சிட்டாவில் என் இனிஷியலைத் தேடிக்கொண்டிருந்தார்.
பின்னால் கீச்சென்றது.
திரும்பிப் பார்த்தேன், காது மடங்கியிருந்தது.
கெட்டிக்கார வண்டி என்று நினைத்துக்கொண்டேன்,
நான் இங்கே வந்து அரை மணி நேரம் ஆகிறதே
என்று நினைக்கவில்லை.

விளக்குப் போட்ட பிறகுதான்
சட்டைப்பை காலி.
இரண்டாம் சாவி கும்பகோணத்தில், பீரோவில்.
பீரோ சாவி சுகந்தியின் கைப்பையில்.
சுகந்தி சீர்காழியில், ஒரு வளைகாப்பில்.

களம் கூட்டிக்கொண்டிருந்த பரிமளம்தான் கேட்டார்:
"அது பூட்டினப்ப நீங்க சன்னல்ல நின்னீங்க.
அப்ப எது போச்சு?"

மூட்டை போனது.
யாரோ ஒருவர் தலையில்,
நான் என்று கார் நம்புகிற ஒன்று
ஆடி ஆடி விலகிப் போயிருக்கிறது.
அதுவும் முறைப்படி கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறது.

அறுபத்திரண்டு மூட்டை.
பிரித்துக் கொட்ட லூர்துசாமி ஒப்பவில்லை.
"மறுபடி எடை, மறுபடி பட்டியல். நாளைக்குத்தான்."
பரிமளம் துடைப்பத்தைக் காரின் பக்கம் நீட்டினார்.
"அதையே கேளுங்களேன்."

மூட்டைக்குப் பத்து ரூபாய் கேட்டார்கள், எட்டுக்கு முடிந்தது.
மேல் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாய் இறங்கி வந்து
கதவோரம் நிற்கும்.
நான் இழுத்துப் பார்ப்பேன்.
ஊமை.
ஏழு. எட்டு. பதின்மூன்றில் டீ வந்தது.
பத்தொன்பதாவது காத்தையன்.
அவர் வந்து நிற்கவேயில்லை,
பின் சக்கரத்துக்கு நேரே வரும்போதே
விளக்கெல்லாம் சிமிட்டி
காது இரண்டும் விரிந்தன.

அவர் மூட்டையை இறக்கவில்லை.
நாலடி பின்னால் போனார். கீச்.
முன்னால் வந்தார். விரிந்தது.
மறுபடி பின்னால்.
புருவமெல்லாம் நெல் தூசு,
நாற்பது கிலோ தலையில் இருப்பது மறந்துவிட்டது போல.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
அந்த வண்டி எனக்குச் செய்கிற மரியாதையை
வெளியே நின்று நான் பார்த்தது
அப்போதுதான்.

பிறகு இறக்கி, ஓரத் தையலை மட்டும் பிரித்து,
முழங்கை வரை கைவிட்டு எடுத்தார்.
பித்தான் இடுக்கில் ஒரு கருக்காய்.
அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

லூர்துசாமி அந்த மூட்டையைத் தராசில் ஏற்றச் சொன்னார்.
"குறையுது பாருங்க. சாவியோட நிறுத்தது."
ஒரு கை நெல் அள்ளிப் போட்டேன்.
எண் மெல்ல ஏறி நின்றது.
"கையை அங்க உதறாதீங்க," என்றார்,
"ஒட்டினதும் இதுல சேர்ந்ததுதான்."