பதினேழாம் போர்ட்

ஹொக்னி கப்பலேறிவிட்டான், கிரீன்லாந்துப் பக்கம்.
எனக்கு விட்டுப்போனது
ஒரு சாவி, முனகும் ஒரு சர்வர்,
மானிட்டர் ஓரத்து மஞ்சள் சீட்டில் கடவுச்சொல்:
பப்ளிக்.
ஊரறிந்த ரகசியம். முதல் வேலையாக மாற்றினேன்.

நோர்டூர்விக்கில் நாற்பத்தொரு வீடு,
ஒரு தேவாலயம், ஒரு சால்மன் ஆலை,
ஆலைக்காரர்கள் தங்கும் மஞ்சள் கட்டடம்.
அத்தனைக்கும் சேர்த்து ஆறு சுவிட்ச்.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
ஒவ்வொன்றையும் தட்டிக் கேட்கிறது சர்வர்:
எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது?
என்ன வந்தது என்று கேட்பதில்லை.
மூட்டையின் எடை தெரியும், சரக்கு தெரியாது.
அதையும் பிரித்துப் பார்க்க ஒரு பெட்டி இருக்கிறது அமைப்புகளில்.
டிக் செய்யாமல் கடந்தேன்.

வருவதற்குப் பச்சை. போவதற்கு நீலம்.
நேற்றைய நாளை ஐந்தைந்து நிமிடமாக வைத்துக்கொள்ளும்,
போன மாதத்தை இரண்டிரண்டு மணி நேரமாக,
போன வருடத்தில் ஒரு நாளுக்கு ஒரு புள்ளி.
எந்தப் புயலும் சராசரியில் தூறல்தான்.

முதல் வாரம் முழுக்க, இரவு பதினொன்று பத்துக்கு
என் தலைமாட்டில் போன் அலறியது:
சுவிட்ச் நான்கு, போர்ட் பதினேழு, வரம்பு மீறல்.
ஹொக்னி வைத்த வரம்பு கஞ்சத்தனமானது.
எழுந்து பார்த்தால் பச்சையில் ஒரு மேடு,
அதனடியில் நூல் மாதிரி நீலம்.
நாற்பது நிமிடம். பிறகு ஒன்றுமில்லை.
சனி ஞாயிறுகளில் மேடே இல்லை.
இரண்டை ஐந்தாக்கினேன்.
தூங்கினேன்.

தூங்கினேன் என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.
மீறினால் எழுப்பு என்ற கட்டத்தை நிரப்பியவள்
அதன் கீழிருந்த
குறைந்தால் எழுப்பு என்பதைக்
காலியாக விட்டிருந்தேன்.
வராத ஒன்றுக்கு யார் மணியடிப்பார்கள்?

மாத அறிக்கைக்காகக் கோடுகளைப் புரட்டியபோது
பதினேழில் நான்கு இரவு தட்டையாகக் கிடந்தது.
வெள்ளை இடைவெளி என்றால் சுவிட்சே பேசவில்லை.
இது இடைவெளி இல்லை, பூஜ்யம்.
சுவிட்ச் பேசுகிறது,
சொல்லத்தான் எதுவுமில்லை.
ஆள் ஊருக்குப் போயிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம்.
எனக்கென்ன வந்தது என்று காபி போட்டேன்.
காபி ஆறும்வரை அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுரங்கப்பாதைக்கு அப்பால் மூடுபனி.
வழியில் ஆடுகள், அவற்றுக்கு அவசரமில்லை.
மஞ்சள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில்
கதவைத் திறந்தவள் பெயர் சிரிபோன்.
கையில் மீன் வாடை, தலையில் துண்டு.
"நெட் போச்சு. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல."
கேபிளின் முனையில் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து
ஒரு நகக்கண் அளவு வெளியே நழுவியிருந்தது.
அவ்வளவுதான்.

நான்கு இரவும் தேவாலயத்து மேட்டில் ஏறி
காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றாளாம்,
போனில் இரண்டு கோடு சிக்னலுக்கு.
"இங்கே பதினொன்று பத்து, அங்கே காலை ஆறு பத்து.
மகள் ஸ்கூலுக்குக் கிளம்புவாள்.
பேச மாட்டாள், பெரியவளாயிட்டாள்.
போனைச் சுவரில் சாய்ச்சிட்டுச் சாப்பிடுவாள்.
நான் பார்ப்பேன்."
கூட இருப்பவள் தூங்குவதால்
இவள் பக்கம் விளக்கு கிடையாது.
எனக்கு அந்த நீல நூல் விளங்கியது.
இருட்டுக்கு எடை குறைவு.

ஒன்றும் சொல்லவில்லை.
உன் இரவு எனக்கு முன்பே தெரியும் என்று
எந்த முகத்தோடு சொல்வது?
புதுக் கேபிளைச் செருகினேன். டக்கென்ற ஓசை
இருவருக்கும் கேட்டது.

இன்றிரவு, குறைந்தால் எழுப்பு கட்டத்தின் முன்
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
ஓர் எண்ணைப் போட்டேன். அழித்தேன்.
ஒருநாள் மகளே எடுக்காமல் போனால்
அதற்கும் என்னை எழுப்புமா இது?
கடைசியில்
கேபிள் கழன்றால் மட்டும் என்று வைத்தேன்.

பதினொன்று பதினைந்துக்கு
பச்சை எழும்பியது.
அந்தப் போர்ட்டில் வேறெதுவும் இல்லாததால்
சிறு மேடு படம் முழுக்க மலையாய் நிற்கிறது.
எல்லாப் படத்துக்கும் ஒரே அளவுகோல் என்று
ஒரு பெட்டி உண்டு.
அதைத் தொடவில்லை.